கெபிக்குப் போன மகாராணி

பிஸ்கட் டப்பாவில் மகாராணியைக் காணவில்லை.

யேசுதாஸ் பஞ்சை எடுத்து உதறினார். டப்பாவைக் கவிழ்த்துத் தட்டினார். பர்மாச் சண்டை மெடல் இருந்தது. ஆப்கானிஸ்தான் இருந்தது. ஈராக்குக்குப் போய்வந்த யாரோ ஒரு ஹவில்தாரின் மெடல்கூட, ரிப்பன் நைந்துபோய், பத்திரமாக இருந்தது. விக்டோரியா தலை போட்ட சீனா மெடல் மட்டும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அதை வாங்கிக்கொள்ள ஆதிநாராயணன் வருகிறார். இந்த நேரம் பார்த்து விக்டோரியா மகாராணி கம்பி நீட்டிவிட்டாள்.

"கிறிஸ்டி, இந்த டப்பாவ யாரு தொட்டது?"

"அண்ணி வந்துருந்தாங்க. எடுத்துக்கினு போய்ட்டாங்க," என்றாள் கிறிஸ்டினா, நறுக்கிக்கொண்டிருந்த பீன்ஸிலிருந்து தலையைத் தூக்காமலே.

அண்ணி என்றால் யேசுதாஸின் அக்கா மெர்சி. பொன்னேரிப் பக்கத்து ஆரணியில் இருக்கிறாள். நீ ஏன் தடுக்கவில்லை என்று யேசுதாஸ் மனைவியைக் கேட்டார். கேட்டிருக்கக் கூடாது.

"உங்க அக்காவ நானு தடுக்கணுமா? நீங்க ஒரு தபாவாச்சும் தடுத்துக்கிறீங்களா?"

நியாயமான கேள்வி. யேசுதாஸ் வண்டிச் சாவியைத் தேடினார்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில், பழைய இரும்பை உருக்கிக் கம்பி இழுக்கும் ஒரு கம்பெனியில் அவர் கிரேன் ஆபரேட்டர். கிரேனின் நுனியில் பெரிய காந்தம். இரும்பெல்லாம் அதில் ஒட்டிக்கொண்டு உலைக்குப் போகும். பல வருஷத்துக்கு முன்னால் ஒருநாள், வட்டமாக ஒன்று மட்டும் ஒட்டமாட்டேன் என்று தரையிலேயே கிடந்தது. இறங்கிப்போய் எடுத்துத் துடைத்தால் ஒரு பக்கம் ராஜா தலை, விளிம்பில் பொடி எழுத்தில் ஒரு சிப்பாயின் பெயர். இரும்புக் குப்பையில் ஒரு மனுஷன் பெயர் கிடக்கிறதே என்று அவருக்கு மனசு கேட்கவில்லை. அன்றைக்குப் பிடித்த கிறுக்கு இது. வெள்ளைக்காரன் எந்தச் சீமையில் சண்டை போட்டாலும் நம்மூர் ஆளைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனான். முடிந்ததும் நெஞ்சில் ஒரு மெடலைக் குத்தித் திருப்பி அனுப்பினான். வாங்கி வந்தவர்களின் பிள்ளைகள் அதைப் பாத்திரக்கடையில் போட்டுக் குண்டான் வாங்கினார்கள். மிச்சம் மீதியை யேசுதாஸ் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

அதில் அவருக்குக் கிடைக்காத ஒன்று இருந்தது. முதல் உலகப்போர் மெடலிலேயே வெண்கலத்தில் செய்தது. துப்பாக்கி பிடித்தவனுக்கு வெள்ளி. மண் வெட்டினவன், மூட்டை தூக்கினவன், ரோடு போட்டவனுக்கு வெண்கலம். யேசுதாஸின் பாட்டன், முப்பாட்டன் எல்லோரும் மண் வெட்டின கோஷ்டிதான். அதனாலேயே அந்த வெண்கலத்தின் மேல் அவருக்கு அப்படி ஓர் ஆசை. ஆர்.கே.பேட்டையில் நெல்வயலும் மோட்டார் ஷெட்டுமாக இருக்கும் ஆதிநாராயணனிடம் ஒன்று இருந்தது. அவரும் இதே கிறுக்குதான். சீனா மெடலைக் கொடுத்தால் வெண்கலத்தைத் தருவதாக, ஆறு மாசம் இழுத்தடித்து இப்போதுதான் ஒப்புக்கொண்டிருந்தார்.

போட்டோகூட போனில் அனுப்பியிருந்தார். முன்பக்கம் தாடி வைத்த ஜார்ஜ் மன்னரின் தலை. பின்பக்கம் குதிரை மேல் ஒரு வீரன், உடம்பில் ஒட்டுத் துணி இல்லாமல். யேசுதாஸ் அதைக் காட்டிப் பெருமைப்பட்டபோது கிறிஸ்டினா முகத்தைச் சுளித்தாள். வயதுக்கு வந்த பெண் இருக்கிற வீட்டில் இந்தக் கண்றாவி எல்லாம் எதற்கு, கொண்டுவந்தால் குதிரைக்காரனைக் குப்புறப் போட்டு வையுங்கள் என்று சொல்லிவிட்டாள். ராஜா முகம் மட்டும் மேலே தெரிந்தால் போதுமாம். யேசுதாஸ் அதற்கும் சரி என்றார். மெடல் வந்தால் போதும்.

ஆரணியில் மெர்சி அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. தம்பி வாயைத் திறப்பதற்குள் நடந்ததை எல்லாம் அவளே சொல்லிவிட்டாள். அன்றைக்கு டீ குடிக்கும்போது தொட்டுக்கொள்ள ஏதாவது இருக்குமென்று அவன் வீட்டு பிஸ்கட் டப்பாவைத் திறந்தாளாம். உள்ளே பார்த்தால் ராஜாக்களுக்கும் பீரங்கிகளுக்கும் நடுவில் மாதா படம் போட்ட வட்டச் சுரூபம் கிடக்கிறதாம். ஈரக்குலை நடுங்கிப்போய், அதை முந்தானையில் முடிந்துகொண்டு வந்துவிட்டாளாம்.

"அக்கா, அது மாதா இல்ல. விக்டோரியா மகாராணி."

"எந்த ஊரு ராணிடா முக்காடு போட்டுக்குவா?"

புருஷன் செத்துப்போன துக்கத்தில் அந்த அம்மாள் சாகும்வரை முக்காடு போட்டிருந்தாள் என்று யேசுதாஸ் விளக்கினார். அக்காவின் கண் கலங்கிவிட்டது.

"பாத்தியா, துக்கத்துல கீறவங்க. வியாகுல மாதாடா அவங்க. சுத்தி லத்தீன்ல வேற எழுதிக்கிது."

லத்தீன் எழுதியிருந்தது உண்மைதான். இந்த வெள்ளைக்காரர்கள் இங்கிலீஷில் எழுதித் தொலைத்திருக்கலாம் என்று யேசுதாஸுக்கு ஆத்திரமாக வந்தது. சரி, எங்கே இருக்கிறது, கொடு என்றார். கொடுக்க அது வீட்டில் இல்லை. தெருக்கோடி மாதா கெபியில், கண்ணாடிப் பெட்டிக்குள், வெள்ளிச் சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது. மகன் லோகுவை கம்பெனியில் பர்மனென்ட் ஆக்கினால் மாதாவை அங்கே குடிவைப்பதாக அக்கா நேர்ந்துகொண்டாளாம். நேர்ந்துகொண்ட மறுநாளே கம்பெனியிலிருந்து போன் வந்துவிட்டது. அஞ்சு வருஷமாக கான்ட்ராக்டில் இருந்தவன்.

"கறுப்பா கெடந்துச்சு. புளி போட்டு நல்லா தேச்சுட்டேன். இப்ப போய்ப் பாரு, கண்ணு கூசும்," என்றாள் அக்கா.

பழைய மெடலுக்கு அந்தக் கறுப்புதான் அழகு. நூறு வருஷத்துக் கறுப்பை அக்கா அரை உருண்டைப் புளியில் கழுவி ஊற்றியிருந்தாள்.

கெபி சின்னதுதான். சிமென்ட்டில் செய்த குகை, உள்ளே பெரிய மாதா சிலை, பக்கத்தில் கண்ணாடிப் பெட்டி. பெட்டி நிறைய நேர்ச்சைக் காணிக்கைகள்: வெள்ளிக் கால், வெள்ளிக் கண், இத்துனூண்டு வெள்ளி வீடு. நட்டநடுவில் விக்டோரியா மகாராணி, தலைக்கு மேல் முல்லைச்சரத்தோடு, பளபளவென்று. எதிரே ஏழெட்டுப் பெண்கள் முழந்தாளிட்டிருந்தார்கள். லோகு விஷயம் ஊர் முழுக்கப் பரவியிருந்தது.

இனி உண்மையைச் சொல்லிவிடுவதுதான் வழி என்று யேசுதாஸ் முடிவுசெய்தார். நல்ல மனுஷர். உண்மைக்கு ஒரு மதிப்பு இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தவர். போனில் விக்டோரியா மகாராணி படத்தைத் தேடி எடுத்தார். அதே முக்காடு, அதே கிரீடம். முன்வரிசையில் இருந்த பெண்ணிடம் நீட்டி, நல்லா பாரும்மா, இவங்கதான் அவங்க என்றார்.

அந்தப் பெண் போனைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அடுத்தவள் வாங்கி நெஞ்சில் வைத்துக்கொண்டாள். மூன்றாவது பெண் விவரமானவள். படத்தைத் தன் நம்பருக்கு அனுப்பிக்கொண்டு, அங்கிருந்து பங்குக் கோயில் வாட்ஸாப் குரூப்புக்கும் தள்ளிவிட்டாள். யேசுதாஸ் வீடு போய்ச் சேர்வதற்குள், மின்னும் மெழுகுவர்த்திகள் ஒட்டி, பின்னணியில் பாட்டோடு, மகாராணி அவருடைய போனுக்கே திரும்பி வந்துவிட்டாள். அனுப்பியது கிறிஸ்டினா. கீழே 'ஆமென்' என்று போட்டிருந்தாள்.

ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டதற்கு, வந்ததை அனுப்பினேன், அனுப்பாமல் இருந்தால் நன்றாகவா இருக்கும் என்றாள்.

அடுத்து யேசுதாஸ் போட்டது திருட்டுத் திட்டம். தன் பொருளைத் தானே திருடுவது பாவத்தில் சேராது என்று மனசுக்குள் நாலு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பொன்னேரியில் ஒரு கடையில், கிட்டத்தட்ட அதே அளவில் அசல் வேளாங்கண்ணி மாதா சுரூபம் ஒன்று வாங்கினார். பெட்டிச் சாவி, கோயில் வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் அந்தோணியிடம் இருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் பூ மாற்ற அவர் பெட்டியைத் திறப்பார். பூ மாற்ற உதவுகிற சாக்கில் மாதாவை வைத்துவிட்டு மகாராணியை எடுத்துவிடலாம். யாருக்கும் நஷ்டமில்லை. சொல்லப்போனால் ஜனங்களுக்கு லாபம்தான்.

சீக்கிரமே போய்விட்டார். சும்மா நின்றால் சந்தேகம் வரும் என்று முழந்தாளிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அந்தோணி வந்தபாடில்லை. முழங்கால் மரத்துப்போனது. இவ்வளவு நேரம் அசையாமல் ஜெபிக்கிற ஆம்பிளையை அந்தத் தெரு பார்த்ததில்லை. ஒரு பெரியம்மா அவர் கையில் செபமாலையைத் திணித்து, நீங்களே ஆரம்பிங்க தம்பி என்றாள்.

ஆரம்பித்தார். வேறு வழி? கிரேன் மேலிருந்து யார்டு முழுக்கக் கேட்கும்படி கத்திப் பழகின குரல். அந்தக் குரலில் அருள் நிறை மரியே கேட்டு, வீடுகளுக்குள் இருந்தவர்கள்கூட எழுந்து வந்தார்கள். ஜெபம் முடிவதற்கும் அந்தோணி பெட்டியைத் திறப்பதற்கும் சரியாக இருந்தது. யேசுதாஸ் முல்லைச்சரத்தை ஒரு கையில் வாங்கிக்கொண்டு, சட்டைப்பையில் இருந்த சுரூபத்தை இன்னொரு கையால் எடுத்தார். பெட்டிக்குள் கை போனது.

பின்னாலிருந்து மெர்சி அக்கா அந்தக் கையைப் பிடித்துவிட்டாள். விரல்களைப் பிரித்துப் பார்த்தாள்.

"என் தம்பி மாதாவுக்குத் தொணையா இன்னொரு மாதா வாங்கியாந்துக்கிறான். ஒரு வார்த்தை சொன்னானா பாருங்க," என்று சொல்லிவிட்டு அக்கா அங்கேயே அழ ஆரம்பித்துவிட்டாள்.

கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் மட்டும் கோயிலுக்கு வந்துகொண்டிருந்த தம்பி. அவனுக்காக அவள் செய்யாத ஜெபமில்லை. யேசுதாஸுக்கு அந்த அழுகையைப் பார்க்க ஒரு மாதிரியாக இருந்தது. கையிலிருந்த சுரூபத்தை அந்தோணியிடம் கொடுத்தார். புது மாதாவையும் அந்தோணி பெட்டியில் மாட்டினார். திருவிழாக் கமிட்டிக்காரர்கள் அங்கேயே கூடிப் பேசி, இந்த வருஷம் தேர் தூக்குகிற பொறுப்பை யேசுதாஸுக்குக் கொடுத்தார்கள். கிரேன் ஓட்டுகிறவரை விட்டால் பளு தூக்குகிற விவரம் யாருக்குத் தெரியும் என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆதிநாராயணன் வந்துவிட்டார். கிறிஸ்டினா பரிமாறிய இட்லியையும் வடைகறியையும் ருசித்துச் சாப்பிட்டார். சட்டைப்பையிலிருந்து வெல்வெட் துணியில் சுற்றிய வெண்கல மெடலை எடுத்து மேஜையில் வைத்தார். கிறிஸ்டினா வருவதைப் பார்த்து யேசுதாஸ் குதிரைக்காரனை அவசரமாகக் குப்புறப் போட்டார். கையில் தொட்டபோதே அவருக்கு உடம்பு சிலிர்த்தது. உங்களுடையது எங்கே என்று ஆதிநாராயணன் கேட்டார்.

யேசுதாஸ் ஒன்றும் மறைக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னார். ஆதிநாராயணன் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. அப்போதுதான் யேசுதாஸுக்கு அந்த யோசனை வந்தது. இவர் வெளியூர்க்காரர், பெரிய மனுஷர், மெடல் விஷயத்தில் கரை கண்டவர். தம்பி சொன்னால் கேட்காத அக்கா இவர் சொன்னால் கேட்பாள். ஆரணிக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டார். அதுக்கென்ன நைனா, போலாம் வா என்று ஆதிநாராயணனும் கிளம்பிவிட்டார்.

கெபியில் கூட்டம் ஜேஜே என்று இருந்தது. மெர்சி அக்கா வழிவிட்டாள். ஆதிநாராயணன் பூதக்கண்ணாடியை எடுத்து, மூக்கு பெட்டியில் இடிக்கிற மாதிரி குனிந்து பார்த்தார். அசல் சரக்கு என்று அவர் காதில் கிசுகிசுத்தார் ஆதிநாராயணன். பிறகு நிமிர்ந்து திரும்பினார். பின்னால் முழந்தாளிட்டிருந்தவர்களைப் பார்த்தார். எரிகிற மெழுகுவர்த்திகளைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, வந்து கை கூப்பினார்.

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. ஆர்.கே.பேட்டையிலிருந்துகூட மாதாவைத் தேடி வருகிறார்கள் என்று யாரோ சொன்னார்கள்.

யேசுதாஸ் அவரை ஓரமாக இழுத்துக்கொண்டு போனார். என்ன சார் இது, உங்களுக்குத் தெரியாதா அது யார் என்று கேட்டார்.

"தெரியும் நைனா. ஆனா நாலு பேரு கையெடுத்துக் கும்பிட்ட பொருளு. அத எங்க ஊட்டு அலமாரில வெச்சா எனக்குத் தூக்கம் வராது. வேணாம்."

யேசுதாஸ் கெஞ்சிப் பார்த்தார். பர்மாவையும் ஆப்கானிஸ்தானையும் சேர்த்துத் தருவதாகச் சொன்னார். அதெல்லாம் ஆதிநாராயணனிடம் ஏற்கெனவே இருந்தது. வெல்வெட் துணியை எடுத்து, அந்த வெண்கலத்தைக் கடைசியாக ஒருமுறை யேசுதாஸின் கண்ணுக்குக் காட்டிவிட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

"மனசு உட்றாத. ஆனா உண்மையச் சொல்றேன், எனக்குத் தெரிஞ்சு இந்த ஜில்லாவுலயே இது ஒண்ணுதான் கீது."

பஸ் ஏறிப் போய்விட்டார். போகும்போது மாதாவுக்கு ஒரு கட்டு மெழுகுவர்த்தி வாங்கி வைத்துவிட்டுத்தான் போனார்.

மத்தியானச் சோற்றுக்குக் கூட்டம் கலைந்தது. யேசுதாஸ் கெபி முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார். அழுகை வருகிற மாதிரி இருந்தது. ஆம்பிளை அழுதால் அதையும் பக்தி என்று சொல்லிவிடுவார்களே என்று அடக்கிக்கொண்டார். யாரிடமாவது முறையிட வேண்டும் போலிருந்தது. விக்டோரியாவிடம் கேட்க நாக்கு எழவில்லை. அவள் யாரென்று அவருக்குத் தெரியும். தானே வாங்கி மாட்டின மாதா முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

பெட்டியின் ஒரு மூலையில் ஒரு சின்ன வட்டச் சுரூபத்தில் சூசையப்பர் இருந்தார். எந்தக் காலத்தில் யார் வைத்ததோ. மெழுகுப் புகை ஏறி ஏறிக் கரியாகிவிட்டார். தாடி தெரிந்ததால்தான் சூசையப்பர் என்றே தெரிந்தது. மாதாவின் கணவர் சூசையப்பர் தச்சுவேலை செய்தவர். அதனால் சிப்காட் பையன்கள், முக்கியமாக கான்ட்ராக்டில் இருப்பவர்கள், ஷிப்ட் முடிந்து போகிற வழியில் அவருக்குத்தான் மெழுகுவர்த்தி வைப்பார்கள். யேசுதாஸும் கம்பெனி ஆள்தானே. அவர் பக்கம் திரும்பி முழந்தாளிட்டார். இந்தத் தடவை நடிப்பில்லை.

சூசையப்பரே, எனக்குப் பெரிய ஆசை ஒன்றும் கிடையாது, மண் வெட்டினவனுக்குக் கொடுத்த மெடல் ஒன்றே ஒன்றைக் கண்ணில் காட்டும் என்று மனசார வேண்டிக்கொண்டார்.

வேண்டி முடித்ததும் மனசு லேசாகிவிட்டது. எப்படி என்று அவருக்கே புரியவில்லை. அப்போது லோகு வந்தான். பர்மனென்ட் ஆட்களுக்குக் கொடுக்கும் நீலச் சட்டை, கழுத்தில் புது அட்டை. ஞாயிற்றுக்கிழமைகூட அதைக் கழற்ற மனமில்லாமல் திரிந்துகொண்டிருந்தான். மாமா வாயில் ஒரு மைசூர்பாகைத் திணித்தான். பொண்ணு பார்க்கலாம் என்று அம்மா சொல்கிறாள், இத்தனை நாள் கான்ட்ராக்ட் என்று எவனும் பெண் கொடுக்கவில்லை என்று வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னான்.

இருந்துவிட்டுப் போகட்டும் என்று யேசுதாஸ் தீர்மானித்துவிட்டார். உயிரோடு இருந்த காலமெல்லாம் நம்மூர் ஆட்களைக் கடல் தாண்டி அனுப்பிக்கொண்டிருந்த அம்மாள். இப்போதாவது ஒருத்தனுக்கு உள்ளூரில் வேலை வாங்கிக் கொடுத்திருக்கிறாள். அக்காவும் சந்தோஷமாக இருக்கிறாள். தேர் வேறு தூக்க வேண்டியிருக்கிறது. வெண்கலம் இல்லாவிட்டால் குடி முழுகிப் போகாது. மைசூர்பாகு நன்றாக இருந்தது. இன்னொன்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

அந்தோணி சாவியோடு வந்தார். திருவிழாவுக்குக் கொடி ஏற்றப் போகிறார்கள், பெட்டியைச் சுத்தம்செய்ய வேண்டும். யேசுதாஸ் எழுந்து, நானும் துடைக்கிறேன் என்றார். மனசில் ஒரு கள்ளமும் இல்லை. அந்தோணி அவரிடம் ஒரு துணியைக் கொடுத்தார். யேசுதாஸ் வெள்ளிக் காலைத் துடைத்தார், வீட்டைத் துடைத்தார், மகாராணியை எடுத்து முன்னும் பின்னும் துடைத்து அவள் சங்கிலியிலேயே மாட்டினார். பிறகு மூலையில் இருந்த சூசையப்பரைக் கையில் எடுத்தார். கனமாக இருந்தார்.

"அவர மட்டும் முன்பக்கத்தோட உட்டுடுங்க சார். திருப்பிடாதீங்க," என்றார் அந்தோணி.

"ஏன்?"

அந்தோணி சுற்றுமுற்றும் பார்த்தார். பெண்கள் யாரும் இல்லை. இருந்தாலும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பின்னாடி ஒரு ஆளு ஒட்டுத் துணி இல்லாம குதிரை மேல குந்திக்கினு கீறான்."